டாஃப்னிக்கு ஓர் உள்பாவாடை

கனடாவில், மொன்றியல் நகரின் வடக்குப் பக்கத்தில், பழைய தையல் ஆலைக் கட்டடமொன்றின் மேல்மாடியில், ஜன்னலோரத் தையற்பொம்மை மீது தொங்கிய அந்தப் பட்டு உடுப்பு இன்னும் என் கண்ணை உறுத்துகிறது. வாழைக் குருத்தின் நிறம். தோள்களில் முடிச்சு, இடுப்பில் ஒரு நாடா, மற்றதெல்லாம் மடிப்பு. யாராவது கதவைத் திறந்தால் அந்தக் காற்றுக்கே அசையும். அதைத் தைத்தவர் என் மச்சாள், கணவரின் மூத்த அக்கா. அதை நான் தைத்திருக்க வேண்டும்.

மச்சாளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. பார்க் எக்ஸ் என்ற பகுதியில் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தோம். நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடுப்புத் தைக்கும் அந்தப் பட்டறையில் நான் ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்திருந்தேன். மன்னாரிலிருந்து வந்த மனுசி வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று இரக்கப்பட்டு, உடை வடிவமைப்பாளரான மடாமிடம் சொன்னேன். வந்த கொஞ்ச நாளிலேயே மச்சாள் எல்லோருக்கும் செல்லமாகிவிட்டார். அரைகுறைப் பிரெஞ்சிலேயே மடாமைச் சிரிக்க வைப்பார். மாலை வகுப்புக்குப் போய் நான் படித்த பிரெஞ்சுக்கு மடாம் ஒருநாளும் சிரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்தால் அங்கும் அதே நிலைதான். ஆட்கள் என்னைத் தாண்டிப் போய் அவரோடு கதைப்பார்கள்.

அப்போதுதான் அந்த பாலே நடன நாடகத்துக்கான வேலை வந்தது. கிரேக்கக் கதை. அப்பொல்லோ என்ற தேவன் துரத்த, டாஃப்னி என்ற பெண் ஓடி ஓடிக் கடைசியில் மரமாகிவிடுகிறாள். ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன், நடனக்காரிகள் இறுக்கிய கச்சையையும் விறைத்த பாவாடையையும் கழற்றி எறிந்துவிட்டு, பழைய கிரேக்கச் சாடிகளில் வரைந்திருந்த பெண்களைப் போல உடுத்தி, வெறுங்காலோடு ஆடத் தொடங்கினார்களாம். அந்தப் பாணியில் வேண்டும் என்றார் மடாம். எங்கள் இருவரையும் ஆளுக்கொரு மாதிரி உடுப்புத் தைக்கச் சொன்னார். எவருடையது பிடிக்கிறதோ அவர் டாஃப்னிக்குத் தைப்பார். அதன்பிறகு துணி வெட்டும் மேசையில் மடாமுக்குப் பக்கத்தில் நிற்பார். மற்றவருக்குப் பின்வரிசைத் தோழிகளின் உடுப்புகள். அந்த மேசைக்காகத்தான் நான் அத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு தைத்தேன்.

உயிரைக் கொடுத்துத் தைத்தேன். சேலைக் கொசுவம் பிடித்துப் பழகிய கைக்கு மடிப்பெல்லாம் ஒரு வேலையா? பட்டுத்தான் மிக மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. யாரும் சொல்லாமலே, அலமாரிப் பெட்டியில் கிடந்த வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்து உள்ளே ஒரு பாவாடை வைத்தேன். எங்கள் ஆட்களில் எந்தத் தையற்காரி வைக்காமல் விடுவாள்? பொம்மைக்குப் போட்டபோது கோயில் சுரூபம் போல நின்றது. எனக்கே கும்பிட வேண்டும் போலிருந்தது.

நடனக்காரி வந்து இரண்டையும் போட்டு ஆடிப் பார்த்தாள். என்னுடையதைப் போட்டுத் துள்ளியபோது பட்டு ஒரு பக்கம் போனது, உள்பாவாடை இன்னொரு பக்கம் போனது. பிறகு இரண்டும் சேர்ந்து காலைச் சுற்றிக்கொண்டன. மச்சாள் தைத்ததற்கு உள்ளே ஒன்றுமில்லை. அவள் ஓட அதுவும் ஓடியது, அவள் நின்ற பிறகும் கொஞ்சம் ஓடியது. மடாம் கைதட்டினார். என்னிடம் வந்து, மிக அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் டாஃப்னி ஓடுவதற்கு முன்னமே மரமாகிவிட்டாள் என்றார். அவ்வளவு பிரெஞ்சு நான் படிக்காமலே இருந்திருக்கலாம்.

மெட்ரோவில் வீட்டுக்கு வரும்போது மச்சாள் என் கையைத் தட்டி, "உம்மட மடிப்புத்தான் வடிவு. அவவுக்கு விளங்கேல்லை" என்றார். அந்த ஆறுதல்தான் என்னை எரித்தது. கொஞ்சம் தலைக்கனமாவது காட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

பிறகு வெகுகாலம் எனக்கு ஒரே யோசனை. குட்டைப் பாவாடையோடு ஒரு பிள்ளை பூசைக்கு வந்தால் முகம் சுளிக்கிற மனுசி, மேடையில் ஒருத்தியின் கால் தெரியட்டும் என்று எப்படித் துணிந்தார்? அதுதான் கலைஞருக்குரிய துணிச்சல், எனக்கு அது வாய்க்கவில்லை என்று முடிவு கட்டினேன். அவர் வெட்டு மேசையில் நின்ற வருடங்கள் முழுவதும் அதை நினைத்தே வெந்தேன்.

மச்சாள் இப்போது பக்கத்து நகரமான லவாலில் மகனோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"மச்சாள், அண்டைக்கு நீங்கள் ஏன் உள்பாவாடை வைக்கேல்லை?"

"வைக்கத்தானே பெட்டியைத் திறந்தனான்! ஒரு துண்டுத் துணி கிடக்கேல்லை. முழுக்க நீர் எடுத்துப்போட்டீர். மடாமிட்டைப் போய்க் கேக்க எனக்குப் பிரெஞ்சு எங்கை? அந்தப் பிள்ளையின்ர கால் தெரியப் போகுதெண்டு வெக்கத்திலை செபமாலையெல்லோ சொல்லிக்கொண்டிருந்தனான்."

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தனை வருடப் பொறாமை அந்த இடத்திலேயே செத்திருக்க வேண்டும். சாகவில்லை, முன்னைவிட மோசமாக எரிகிறது. திறமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில் ஒரு மரியாதையாவது இருந்தது. இனி எதைப் பார்த்துப் பொறாமைப்படுவது? அன்று அந்தப் பெட்டியை முதலில் திறந்தவள் நான்.