அண்ணி மாற்றச் சொன்ன சத்தம்

எங்கள் அண்ணன் இறந்த பிறகும் அவனுடைய வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையில், ஒரு புளியமரத்தடியில் பிக்கப்பை ஓரங்கட்டி நிறுத்தியிருந்தான். பின்னால் தக்காளிப் பெட்டிகள். ஸ்டியரிங்கின் மேல் கைகளை மடித்து, அதில் தலையைச் சாய்த்திருந்தான். வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பால் கேன் கட்டிக்கொண்டு போனவர்கள் பார்த்தார்கள். பள்ளிக்கூட வேனில் போனவர்களும் பார்த்தார்கள். அலுப்பில் கண்ணயர்ந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்துப் போய்விட்டார்கள். எஞ்சின் நின்றுபோயிருந்தால் யாராவது ஒருவர் இறங்கி என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். ஓடுகிற வண்டியைப் பற்றி யாருக்கும் கவலை வருவதில்லை. வெயில் ஏறிய பிறகு, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர்தான் கதவைத் தட்டிப் பார்த்தார். மாரடைப்பு என்று சொன்னார்கள்.

நான் அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தேன். புளியமரத்தடியில் நடந்ததை அண்ணி பல நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரின் மொபெட்டில் ஏறி அவர் போய்ச் சேர்ந்தபோது, அண்ணனை வேறொரு காரில் கிடத்தியிருந்தார்கள். சாலை முழுக்கக் கூட்டம். காரின் கதவைப் பிடித்து அழுதுகொண்டிருந்தவருக்கு, முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. “அத யாராச்சும் நிறுத்துங்க” என்று சொல்லியிருக்கிறார். யார் காதிலும் விழவில்லை. அவரே போய், திறந்திருந்த கதவு வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி நிறுத்தினாராம். அத்தனை வருடத்தில் அண்ணி அந்த வண்டியின் சாவியைத் தொட்டது அன்றுதான்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். மூன்று சீராக அடிக்கும், ஒன்று மட்டும் நொண்டும். நடையில் ஒரு கால் சற்றுக் குட்டையாக இருக்கிறவர் வருவதைப் போல, மூன்று தட்டும் ஒரு தயக்கமும். வண்டி ஏரிக்கரையில் திரும்பும்போதே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அம்மா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் வாசல் படலைத் திறந்து வைப்பாள். அண்ணன் ஹாரன் அடித்ததே இல்லை. அடிக்க வேண்டிய தேவை வந்ததில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, பாட்டரி இறங்கிவிடுமே என்று ஒரு சாயங்காலம் நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். களத்தில் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். மாட்டுக் கொட்டகையில் இருந்த அம்மா எழுந்து வந்தாள். என்னைத் தாண்டி, வண்டியையும் தாண்டிப் போய், படலைத் தூக்கித் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி படலுக்கு உள்ளேதான் நின்றது. அம்மாவுக்குப் புத்தி ஒன்றும் தடுமாறவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் கால் நடந்துவிட்டது, கை திறந்துவிட்டது. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எஞ்சினை அணைத்தேன். அடுப்படி வாசலில் நின்று அண்ணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணியிடம் சொன்னபோது அவர் உடனே மறுத்தார்.

“வித்தா, வாங்குனவன் இதே ரோட்டுலதான் ஓட்டுவான் தம்பி. அந்தச் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் வரும். நம்ம வூட்டு வாசல்ல நிக்காம தாண்டிப் போவும். அத்தை என்ன பண்ணுவாங்க?”

அவரே தொடர்ந்து சொன்னார். “நான் ஓட்டக் கத்துக்கறேன். தக்காளி நம்முளுது, மார்க்கெட்டு தெரிஞ்ச மார்க்கெட்டு. எஞ்சினப் பிரிச்சு சரி பண்ணணும். அந்தச் சத்தம் போவணும்.”

தருமபுரிக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டார். உறவில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். எஞ்சினைப் பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் அம்மா வாயைத் திறந்தாள். “நீ ஓட்டிக்க சாமி. அவன் எப்படி வெச்சிருந்தானோ அப்படியே ஓட்டு. அதுல எதுக்குக் கைய வெக்கற?” அண்ணி தட்டில் களி வைத்துக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பென்னாகரத்தில் அண்ணன் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்புக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணனுக்குக் கூட்டாளி மாதிரி. அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“ரிப்பேர்னு வருவாங்க தங்கச்சி. சத்தத்த மாத்துன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல.”

“வண்டி வேணுங்க பாய். இந்தச் சத்தம் வேணாங்க.”

“சிலிண்டரப் போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டு, மேல ஒரு டர்போ வெச்சுடலாம். ரேடியேட்டரும் பெருசாப் போடணும். சைலன்சரையும் மாத்திட்டா ஆளே மாறிடும்” என்றார் பாய். சொல்லிவிட்டு, ‘ஆள்’ என்று சொன்னதற்காகவோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எஞ்சினைக் கீழே இறக்கிப் பிரித்த அன்று நானும் லீவு போட்டுவிட்டு உடன் போயிருந்தேன். மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். வாய் பிளந்த மாதிரி நான்கு குழிகள். பாய் மூன்றாவது குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நீளக் கீறல். பிஸ்டன் ரிங் உடைந்து கீறியது என்றார், நொண்டியது இதுதான். அண்ணி விரலை உள்ளே விட்டு அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே போனார்.

“எத்தன நாளா இப்படி ஓடுச்சு?”

“ரொம்ப நாளாம்மா. அவருக்கும் தெரியும். எறக்கிப் பாத்துடலாம்னு நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தக் காய் முடியட்டும் பாய், அப்பறம் பாத்துக்கலாம்னுவாரு.”

அண்ணி விரலை எடுத்தார். நுனியில் கரி. “நெஞ்சு கரிக்குதுன்னப்ப ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், அப்பவும் இதேதான் சொன்னாரு” என்றார். புளியமரத்தடியில் நடந்ததை அவர் எனக்குச் சொன்னது அன்று திரும்பி வரும்போது, பஸ்ஸில்.

எஞ்சின் பிளாக் தருமபுரிக்கு லேத்துக்குப் போய், துளை பெரிதாக்கப்பட்டு வந்தது. பெரிய பிஸ்டன்கள், புது பேரிங்குகள், டர்போ என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஓட்டிப் பார்த்த அன்று பாயின் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து நின்று கேட்டார்கள். அடித்தொண்டையில் பேசுவது போல ஒரு சீரான முழக்கம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதற்கு மேலே மெல்லிய விசில். நொண்டல் எங்கும் இல்லை. நான் கண்ணை மூடிக் கேட்டேன். யாரோ ஒரு அந்நியருடைய வண்டி.

அண்ணியே வீடு வரைக்கும் ஓட்டி வந்தார். மேட்டில் முன்பு இரண்டாம் கியரிலேயே திணறிய வண்டி, அனாயாசமாக ஏறியது. ஏரிக்கரையில் திரும்பினோம். வாசல் படல் மூடியிருந்தது. உள்ளே களத்தில் அம்மா கேழ்வரகு உலர்த்திக்கொண்டிருந்தாள். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும் தலை தூக்கவில்லை. அண்ணி ஹாரன் அடித்தார். அம்மா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, “யாருங்க?” என்றாள்.

அந்த ‘ங்க’ இன்னும் என் காதில் இருக்கிறது. தன் மகன் ஓட்டிய வண்டியை அவள் மரியாதையோடு விசாரித்தாள். பிறகு நம்பரைப் பார்த்தாள், ஜன்னலில் அண்ணியைப் பார்த்தாள். கிட்ட வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். “அதையும் அனுப்பிட்டியா” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு பல வாரங்கள் அண்ணியோடு நேராகப் பேசவில்லை.

அண்ணி நினைத்தது நடக்காமல் இல்லை. அம்மா வண்டிச் சத்தத்துக்கு எழுந்துபோய்ப் படல் திறப்பது நின்றது. வேளைக்குச் சாப்பிட்டாள், படுத்தாள். அண்ணி தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு போனார், வந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் லோடு கொடுக்க ஆரம்பித்தார்கள். வீடு ஒரு மாதிரியாக நிலைக்கு வந்தது. ஆனால் எனக்குத்தான் ஓசூரில் ஏதாவது சிக்னலில் பழைய பிக்கப் ஒன்று நொண்டிக்கொண்டு நின்றால், திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒருமுறை அப்படி ஒரு வண்டியின் பின்னாலேயே வெகுதூரம் போய்விட்டு, வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். விடிந்தும் பனி விலகாத காலை. கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தவன், விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். களத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு, ஒரு தயக்கம். மூன்று தட்டு, ஒரு தயக்கம். வெளியே வந்தேன். பனிக்குள் வண்டியின் விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அம்மாவின் கைகள் காம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தன. அண்ணி உள்ளே நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கியர் போடவில்லை; ஆக்சிலேட்டரைத் தொடவும் இல்லை. மூன்று பேரும் மூன்று இடத்தில் அசையாமல் இருந்தோம். எஞ்சின் மெல்லச் சூடேறியது. தயக்கம் தேய்ந்து, சீராகி, புதுச் சத்தம் வந்து அதை மூடிக்கொண்டது. அண்ணி வண்டியை எடுத்தார். அம்மா மறுபடி பால் கறக்கத் தொடங்கினாள். அவர்கள் இருவருக்கும் அது அந்தச் சத்தம் கேட்ட முதல் காலையாக இருந்திருக்காது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

அந்த வாரமே ஆயில் மாற்ற அண்ணியோடு பென்னாகரம் போனேன். மனசு கேட்காமல் அந்தக் காலைச் சத்தத்தைப் பற்றிப் பாயிடம் நான்தான் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

“டீசல் பம்ப் மட்டும் பழசுதான தம்பி. அளவு வெச்சுத் திருப்பிப் போட்டது. குளுருக்கு அந்த மூணாவதுக்கு மட்டும் கொஞ்சம் கம்மியாப் போவும். சூடாச்சுன்னா சரியாயிடும்.” பிறகு அண்ணியைப் பார்த்து, “எனக்குத்தான் தோணியிருக்கணும் தங்கச்சி. இப்பவே கழட்டிச் சரி பண்ணித் தரேன், அதுவும் போயிடும்” என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தார்.

“இருக்கட்டுங்க பாய்” என்றார் அண்ணி.

பாய் குனிந்த வாக்கிலேயே அவரை ஏறிட்டுப் பார்த்தார். அண்ணி எங்கள் இருவரையும் பார்க்காமல் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். “காலையில கொஞ்ச நேரந்தானே. இருக்கட்டும்.”

பாய் பானட்டை மூடினார். அண்ணி ஏறி உட்கார்ந்து, பக்கத்துக் கதவை எனக்காகத் திறந்துவிட்டார். “ஏறுங்க தம்பி. தோட்டத்துல பெட்டி ஏத்தணும்.” வண்டி விசிலடித்துக்கொண்டு மேடேறியது. வெயில் சுள்ளென்று அடித்தது. வழி முழுக்க எஞ்சின் சூடாகவே இருந்தது. அண்ணனின் சத்தம் எங்கும் கேட்கவில்லை.