வெற்று ஓட்டு ஜெயித்த வருஷம்

எனில்டா பாயாரெஸுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஆசிரியர் அறையில் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் சாய்ந்து கிடக்கும்போது அவள் மட்டும் நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு இருப்பாள். காபி குடிக்கையிலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

"இவளுக்குள்ள ஒரு மோட்டார் ஓடுது. ஆஃப் பண்ற ஸ்விட்ச் வைக்கத்தான் ஆண்டவன் மறந்துட்டான்" என்பான் கணவன் அனிபால். மக்தலேனா ஆற்றில் ஓடும் படகுகளுக்கு மோட்டார் பழுது பார்க்கிறவன், வேறெப்படிச் சொல்வான்!

சதுப்பு ஏரிக்கு அப்பால் ஒரு மீனவன் வீட்டில் பிறந்தவள் எனில்டா. அந்த வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவளும் அவள்தான். ஓலை வேய்ந்த ஒற்றை அறைப் பள்ளிகளில், ஐந்து வகுப்பையும் ஒருத்தியாகவே வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஓட்டினாள். வெள்ளம் வந்தால் கரும்பலகையைத் தலையில் சுமந்துகொண்டு படகேறுவாள். முப்பத்தாறு வயதில்தான் பால்மரீத்தோ ஊரின் அரசுப் பள்ளிக்குச் சமூக அறிவியல் ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே தேர்தல் வேலை அவள் தலையில் விழுந்தது.

கொலம்பியாவில் வருஷா வருஷம் பள்ளி திறந்த கையோடு, கடைசி வகுப்பிலிருந்து ஒரு பெர்சொனேரோவை மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஓர் அநியாயம் நடந்தால் அதை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்பதுதான் பெர்சொனேரோவின் வேலை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நடப்பில், ஜெயித்த பிள்ளை சுதந்திர தின ஊர்வலத்தில் கொடி பிடிக்கும், டிசம்பரில் படிப்பு முடிந்து போய்விடும். எனில்டா பதினைந்து வருஷம் தேர்தல் நடத்தினாள். அட்டைத் தடுப்பு, விரல் மை, பூட்டிய பெட்டி என்று எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஜெயித்தவர்கள் அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவளுடைய ஐம்பத்தோராவது வயதில் மைரேத் ஒஸ்பீனோ கடைசி வகுப்புக்கு வந்தாள்.

மைரேத் மெலிந்த பெண். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்க மாட்டாள். முந்தைய வருஷம் மாடியில் இருந்த பெண்கள் கழிப்பறையில் ஒன்பது மாதமாகத் தண்ணீர் வரவில்லை. ஒருநாள் எனில்டா நதிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மைரேத் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒண்ணுக்குப் போகணும். வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"என்னது?"

"இங்கதான் வழியில்லையே. வேற யாருக்காச்சும் வரணுமாடி?"

பன்னிரண்டு பெண்கள் எழுந்து அவள் பின்னால் போய்விட்டார்கள். எனில்டாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. மறுநாள் நடத்தைக் குறிப்பேட்டில் எழுதினாள்: 'அடங்காதவள். மற்றவர்களைத் தூண்டிவிடுகிறாள். கடுங்குற்றம்.' கீழே மைரேத்தைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவளும் போட்டாள்.

அந்த வரிதான் இப்போது குறுக்கே வந்து நின்றது. மைரேத் வேட்புமனு கொடுத்தாள். தலைமையாசிரியர் ரமீரோ லாஸ்காரோ பள்ளி விதிப்புத்தகத்தை விரித்து, கடுங்குற்றக் குறிப்பு உள்ளவர்கள் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற வரியின்மேல் விரல் வைத்தார். எனில்டா பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. விதி விதிதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் மனசு ஏனோ அடங்கவில்லை.

மிச்சம் மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தன் நீச்சல்குளம் கட்டித் தருவேன் என்றான், இன்னொருத்தி வகுப்புக்கு வகுப்பு ஏ.சி. என்றாள், மூன்றாமவன் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டம்பாட்டம் என்றான். மைரேத் யாரையும் திட்டவில்லை. இடைவேளையில் சோள அப்பம் விற்கும் ஜன்னலருகே நின்று, வருகிறவர் போகிறவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்: "ஓட்டுச்சீட்டுல கடைசியா ஒரு கட்டம் இருக்கு பாத்தியா? படம் இல்லாம வெறுமனே இருக்குமே, அதுவும் ஓட்டுதான்."

ஓட்டு எண்ணும்போது எனில்டாவே கரும்பலகையில் கோடு போட்டாள். கோடுகள் வெற்று ஓட்டின் பக்கம் ஏறிக்கொண்டே போயின. சுண்ணக்கட்டி இரண்டு முறை உடைந்தது. ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் முதலில் கத்தினார்கள். போகப்போகக் கத்தலும் நின்றுவிட்டது. வெற்று ஓட்டு முந்நூற்று எண்பத்தொன்பது, நீச்சல்குளம் நூற்று அறுபத்துநாலு, மற்ற இருவரும் அதற்கும் கீழே.

லாஸ்காரோ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"எனில்டா டீச்சர், வெற்று ஓட்டெல்லாம் செல்லாத ஓட்டுன்னு எழுதிடுங்க. நீச்சல்குளப் பையன் ஜெயிச்சான். கதை முடிஞ்சுது."

"சார், வெற்று ஓட்டு பாதிக்கு மேல வந்தா வேற ஆளுங்களை நிறுத்தி மறுபடி நடத்தணும். நம்ம விதியிலேயே இருக்கு."

"விதியை எனக்கே சொல்றீங்களா? பதினேழு வயசுக் கழுதைங்க விளையாடுதுங்க. கல்வி ஆபீசுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? எங்க பள்ளிக்கூடத்துல 'யாருமில்ல'ங்கிறவர் ஜெயிச்சிட்டார்னா? வீட்டுக்குக் கொண்டுபோங்க, நிதானமா யோசிங்க, நாளைக்குக் காலையில கையெழுத்தோட வாங்க."

அறிக்கைத் தாளையும் கடைசி வகுப்பின் நடத்தைக் குறிப்பேட்டையும் பையில் திணித்துக்கொண்டு மத்தியான வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். அனிபால் மீன் வறுத்து, தேங்காய்ச் சோறு வைத்திருந்தான். அவள் நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றாள், கை கழுவினாள், மறுபடி வந்து தட்டைப் பார்த்தாள், போய்த் துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைக்க ஆரம்பித்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு? யார் மேல கோவம்?"

"பிள்ளைங்க மேல. முந்நூத்தி எண்பத்தொம்பது பேர் என் மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கு. பதினஞ்சு வருஷமா நான் நடத்தின தேர்தல் இது."

"அப்ப கையெழுத்தைப் போட்டுட்டு வந்து சாப்பிடு."

"போட முடியலையே!"

"அப்ப போடாதே."

"அதுவும் முடியலைங்கிறேன்!"

அனிபால் மீன் முள்ளைக் கவனமாக எடுத்துவிட்டுச் சொன்னான்: "கார்புரேட்டர்ல தூசி இருந்தா இப்படித்தான். ஓடவும் ஓடாது, நிக்கவும் நிக்காது. எங்க தூசின்னு பாரு."

அவள் ஈரக்கையோடு குறிப்பேட்டை விரித்தாள். தான் எழுதியது அவ்வளவு பெரியதா என்று பார்க்கத்தான் விரித்தாள். தன் கையெழுத்திலேயே கோபம் தெரிந்தது, பேனா தாளைக் கிழித்திருந்தது. ஆனால் அவள் கண் அங்கே நிற்கவில்லை. அதற்குக் கீழே நாலு வரி இடம் விட்டு அச்சடித்திருந்தது: 'மாணவரின் விளக்கம்.' அந்த நாலு வரியும் காலியாக இருந்தன. பெண்ணிடம் கையெழுத்து வாங்கினாளே தவிர, உன் பக்கம் என்ன என்று எழுதவிடவில்லை. பிள்ளை தன் பக்கத்தை எழுத இடம் தராத குறிப்பு செல்லாது. இதை வருஷா வருஷம் புது ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

"அனிபால்," என்றாள், "தப்பு என்னுது."

மறுநாள் காலை லாஸ்காரோவின் மேஜையில் இரண்டு தாள் வைத்தாள். ஒன்று, எண்ணியது எண்ணியபடி எழுதிய தேர்தல் அறிக்கை. இன்னொன்று, மைரேத் ஒஸ்பீனோ மீதான குறிப்பை முறைப்படி எழுதவில்லை, ஆகவே அது செல்லாது என்று அவளே தன்மேல் எழுதிய கடிதம். இரண்டுக்கும் நகல் எடுத்துப் பெற்றோர் சங்கத்திடமும் கொடுத்திருந்தாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க."

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணு உங்களைத் தலையில தூக்கிவச்சு ஆடுவான்னு நினைப்பா?"

எனில்டா பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள். உள்ளுக்குள் அப்படி ஒரு நினைப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

பதினைந்து நாள் கழித்து மறுதேர்தல். மைரேத் முந்நூற்று ஐம்பத்திரண்டு, அவளை எதிர்த்து நின்ற ஏரிக்கரைப் பெண் முந்நூற்று ஐந்து. பதவி ஏற்ற அன்று எனில்டா கையெல்லாம் வலிக்கக் கைதட்டினாள்.

மூன்றாம் நாள் மைரேத் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு தாள்.

"டீச்சர், ஒரு மனு. வாங்கிக்கிட்டேன்னு இந்த நகல்ல கையெழுத்து வேணும்."

"கழிப்பறையா? குடு, நானே கொண்டுபோய்த் தலைமையாசிரியர்கிட்ட..."

"அது வேற மனு. நேத்தே குடுத்தாச்சு. இது உங்களுக்கு."

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் சொன்னதை மைரேத் எழுதியிருந்தாள். எனில்டா டீச்சர் பரீட்சை மார்க்கைச் சத்தமாக வாசிக்கிறார். கடைசி மார்க் வாங்கியவர்களை எழுப்பி நிற்கவைக்கிறார். அவர்கள் உட்காரும் பெஞ்சுக்குச் 'சேறு' என்று பெயர் வைத்திருக்கிறார், இப்போது பள்ளி முழுக்க அவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதற்குப் பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். எனில்டாவுக்குக் காது சுட்டது.

"உனக்கு இந்த நாற்காலியை வாங்கிக் குடுத்ததே நான்தான். அதுல உக்காந்து என் மேலயே மனுவா?"

மைரேத் கண்ணை எடுக்கவில்லை. 

"நீங்க அன்னைக்கு உங்க மேலயே எழுதின கடிதத்தை நான் மறக்க மாட்டேன் டீச்சர். ஆனா நாற்காலி நீங்க குடுத்ததில்ல. முந்நூத்தி அம்பத்திரண்டு பேர் குடுத்தது. அதுல இவங்க பதினோரு பேரும் உண்டு. நான் இதை அமுக்கி வச்சா, நீச்சல்குளத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

எனில்டா கையெழுத்துப் போட்டாள். பேனா மறுபடி தாளைக் கிழித்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களை அனிபால் வெகுநாள் சொல்லிச் சிரித்தான். அவள் வீட்டுச் சுவரைத் தேய்த்தாள், பாத்திரங்களை இடம் மாற்றினாள், பதிலை ஆறு முறை எழுதிக் கிழித்தாள். முதல் பதிலில் சதுப்பேரிக்கு அப்பால் தான் உழைத்த பதினோரு வருஷமும் இருந்தது. இரண்டாவதில் வெள்ளமும் கரும்பலகையும் இருந்தன. மூன்றாவதில், கண்டிப்பு இல்லாமல் எந்தப் பிள்ளையும் தேறாது என்று எழுதினாள். எழுதும்போதே, 'சேறு' பெஞ்சிலிருந்து இதுவரை யார் தேறினார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் அங்குமிங்கும் நடந்தாள்.

ஒன்பதாம் நாள் கொடுத்த பதில் மூன்றே வரி. சொன்னதெல்லாம் உண்மை. இனி மார்க்கைத் தனித்தனியாகத்தான் கொடுப்பேன். மற்றதை அந்தப் பதினோரு பேரிடமும் நேரில் பேச விரும்புகிறேன்.

ஏழாம் வகுப்பு அறையில் பேசினார்கள். எனில்டா பெஞ்சில் உட்கார்ந்தாள், மைரேத் கதவோரம் நின்றாள்.  முதலில் லெய்னிஸ் என்ற சின்னப் பெண் கேட்டாள்:

"டீச்சர், அந்தப் பேரை நீங்க வச்சப்ப எங்களைப் பாத்து வச்சீங்களா, சும்மா வாயில வந்துச்சா?"

"சும்மா வாயில வந்துச்சு."

"நாங்க வீட்டுல போய்ச் சொல்லல டீச்சர். சொன்னா அம்மாவும் அப்படியே கூப்பிடும்."

எனில்டா மன்னிப்புக் கேட்டாள். வகுப்பில் நின்று பேசிப் பழகிய வாய்க்கு அந்த ஒரு சொல் கனமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சை ஜன்னல் பக்கம் மாற்ற முடியுமா, கரும்பலகை வெயிலில் மின்னுகிறது, என்று அடுத்ததைக் கேட்டார்கள். அன்றே நகர்த்திப் போட்டார்கள்.

மாடிக் கழிப்பறைக்கு மைரேத் நாலு மனு எழுத வேண்டியிருந்தது. ஆகஸ்டில் தண்ணீர் வந்தது, அதுவும் காலையில் மட்டும். ஐந்தாவது மனுவை எழுத உட்கார்ந்தவளிடம் எனில்டா ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினாள். மைரேத் திருத்திக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.

அடுத்த வருஷம் லாஸ்காரோ தேர்தல் பொறுப்பைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார். எனில்டா எதிர்பார்த்ததுதான். ஆனாலும் ஓட்டுப்பதிவு அன்று வகுப்பை விட்டுவிட்டு மூன்று முறை வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். புதிதாக நின்ற நான்கு பேரையும் அவள் தனித்தனியாகப் பிடித்து ஒரே கேள்வி கேட்டிருந்தாள்: "ஜெயிச்சா, முதல் மனு யார் மேல குடுப்பே?" இரண்டு பேர் விழித்தார்கள். ஒருத்தி தலைமையாசிரியர் மேல் என்றாள். நான்காவது பையன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க மேல இப்ப என்ன இருக்கு டீச்சர்?" என்றான்.

அவள் அதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். வகுப்புக்குத் திரும்பும் வழியெல்லாம், என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.