அம்மாவுக்கு வந்த மீன்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறையில் கருவாடு சமைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவன் நான்தான். கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவன், அம்மா மீனை வெயிலில் உணக்கிக் கருவாடாக்கிச் சந்தையில் விற்றுப் படிக்க வைத்த பிள்ளை, நான் போட்ட சட்டம் அது.

மற்ற ஐந்து பேரும் கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்க்காரர்கள். வந்த முதல் வாரம் யாரோ, "அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டார்கள். "டீச்சர்" என்று வாயில் வந்துவிட்டது. ஒரு வார்த்தைதான். ஆனால் அதைக் கட்டிக் காப்பாற்ற அதற்குப் பின் வருடக்கணக்கில் உழைத்தேன். கருவாட்டு வாசனை வந்தால் டீச்சர் மகன் முகம் சுளிக்க வேண்டாமா? சுளித்தேன். எல்லோரையும்விட நன்றாகவே சுளித்தேன். லீவு முடிந்து திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் நெத்திலிப் பொதியைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அக்கா வீட்டில் இறக்கிவிடுவேன்.

எனக்கு வேலை, கப்பல்களில் கேபிள் சுருட்டும் பெரிய விஞ்சுகளைப் பழுது பார்ப்பது. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஜூன் மாதம், எங்கள் வொர்க்‌ஷாப்பிலிருந்து போன விஞ்சு ஒன்று கிரீன்லாந்துப் பக்கம் ஆய்வு செய்துகொண்டிருந்த கப்பலில் சிக்கி நின்றுவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். ஷார்ஜாவில் கதவுப்பிடி கையைச் சுடும் வெயில். ரோலாவில் கடை கடையாக ஏறிக் கம்பளிச் சட்டை கேட்டேன். ஒரு கடைக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பாய், காய்ச்சலா?" என்றார்.

மூன்று விமானம், ஒரு ஹெலிகாப்டர். போய் இறங்கினால் பாறை மேல் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அறுபது எழுபது மரவீடுகள். மரவீடுதான் உண்டு, மரம் ஒன்றுகூட இல்லை. கடலில் வீடு உயரத்துக்குப் பனிக்கட்டிகள் மிதந்தன. துறையில் நின்ற கப்பலில் ஏறி விஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு உதிரி பாகம் டென்மார்க்கிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை நான் கப்பலில் இருந்தால் ஒரு படுக்கை வீண் என்று என்னைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. பதினோரு நாள் அந்தச் சின்ன ஊரில் இருந்தேன்.

நான் தங்கிய விடுதியை நடத்தியவள் முப்பது வயதுப் பெண். ஆங்கிலம் பேசுவாள். அவளுடைய அம்மா அடுத்த வீட்டில். அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும், ஆங்கிலம் கிடையாது. பேத்தியின் பிறந்தநாள் என்று ஒரு மதியம் என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யாரையும் தனியாக அழைப்பதில்லை, ஊரே வரலாம். வாசலில் ஒரு குவியல் செருப்பும் பூட்ஸும். உள்ளே போய் உட்கார்ந்து, காப்பி குடித்து, கேக் தின்று, அடுத்து வருகிறவர்களுக்கு இடம் விட்டு எழுந்து போய்விட வேண்டும்.

மேசையில் கேக்குகளுக்கு நடுவே ஒரு தட்டில் திமிங்கலத் தோலைக் கொழுப்போடு சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி வைத்திருந்தார்கள். வேக வைக்காமல், பச்சையாகவே. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய், கைக்குட்டையில் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா மூன்று வயதுப் பேத்தியை "அனானா, அனானா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் மொழியில் அம்மா. நாமும் பெண் குழந்தையை அம்மா என்றுதானே கொஞ்சுகிறோம் என்று நான் அவருடைய மகளான விடுதிக்காரியிடம் சொன்னேன். "கொஞ்சல் இல்லை" என்றாள் அவள். "என் பாட்டி, அம்மாவைப் பெற்றவள், இறந்த பிறகு பிறந்தவள் இவள். பாட்டி பெயரை இவளுக்கு வைத்தோம். அதனால் இவள் என் அம்மாவுக்கு அம்மாதான்." அதற்கேற்ற மாதிரி முதல் துண்டு கேக் அந்தக் குழந்தைக்குத்தான் போனது. அறுபது வயதுக்காரி அதன் முன்னால் மண்டியிட்டு, அது தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது. அதைக்கூட ஷார்ஜாவில் போய்ச் சொல்லிச் சிரிக்க மனதில் குறித்து வைத்தேன்.

ஆறாம் நாள் கரைப் பக்கம் நடந்து போனேன். காற்றில் அந்த வாசனை வந்தது. என் வீட்டு முற்றத்தின் வாசனை. பாறை முழுக்க மீன் பரப்பியிருந்தது. எங்கள் ஊர்ச் சாளை மீனைவிடக் கொஞ்சம் மெலிந்து நீண்ட வெள்ளி மீன். கோடை தொடங்கியதும் கரைக்கே கூட்டமாக வருமாம்; கைவலையால் அள்ளலாம். உப்பு கிடையாது. வெறும் பாறையில் வெறும் மீன். குளிர்ந்து வீசும் அந்த வறட்டுக் காற்றே போதும் அவர்களுக்கு. அந்த அம்மா தனியாகக் குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

திடீரென்று மலைப்பக்கம் இருண்டு தூறல் விழுந்தது. எங்கள் ஊரில் மழை இருட்டினால் மீன் யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. தெருவே ஓடும். என் கால் ஓடிவிட்டது. இரண்டு கையையும் அகல வைத்து, தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கமாக வாரி வாரித் தார்ப்பாயில் போட்டேன். கடைசி வரிசையை மூடி நிமிர்ந்தபோது அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளைக் கூப்பிட்டு என்னவோ கேட்கச் சொன்னார். "உனக்கு இது யார் பழக்கியது என்று கேட்கிறார்கள்."

"என் அம்மா. அவங்களும் இதே வேலைதான்" என்றேன்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த உண்மையைச் சொன்னேன். மூச்சு விடுவது போல் சுலபமாக வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா என்னை விடவில்லை, மகள் வழியாகக் கேள்வி மேல் கேள்வி. உங்கள் ஊரில் உணக்குவது பாறையிலா மணலிலா? மணலில் பாய் விரித்து. பறவை வருமா? காக்கை வரும். கடற்புறாவைக் காட்டி, இதைவிடத் திருட்டுப் பறவை உண்டா என்று கேட்டுச் சிரித்தார். அம்மாவுக்கு முதுகு வலிக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

கிளம்பும் நாளில் ஒரு துணிப்பை நிறைய உணக்கிய மீனை என் கையில் வைத்தார். மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். "இது உனக்கு இல்லையாம். நீ எங்கள் சாப்பாட்டைப் பாக்கெட்டில் போடுகிறவன். இது உன் அம்மாவுக்கு." எனக்கு முகம் எரிந்தது. அந்த அம்மா கோபமாக இல்லை. என் தோளைத் தட்டிவிட்டு இன்னும் ஏதோ சொன்னார். "நாற்பது வருடமாக என் மீனைத் தின்று நல்லா இருக்கு என்று சொன்னவர்கள் எல்லாம் என் ஊர்க்காரர்கள். வேறு கடற்கரையில் இதே வேலை செய்கிறவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டு எழுது." எழுதுகிறேன் என்று சொன்னேன்.

ரோலா அறைக்கு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எல்லோரும் இருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் அடைத்திருந்தது. நான் பெட்டியைத் திறந்த மறு நிமிடம் அறையில் மூத்தவரான அண்ணாச்சி மூக்கைப் பிடித்தார்.

"என்னடே அது? எலி செத்துக் கெடக்கா?"

அந்தப் பொழுதில் நான் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி நல்ல மனிதர். கேட்டுவிட்டு ஒரு மீனை எடுத்துச் சுட்டுத் தின்றாலும் தின்றிருப்பார். நான் சொன்னது இது: "அங்க ஒரு கெழவி பையில திணிச்சு விட்டுட்டா அண்ணாச்சி. அதுகளுக்கு எல்லாத்தையும் பச்சையா திங்கத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திமிங்கலத் தோலை மெல்லுவது மாதிரி நடித்துக் காட்டினேன். பேத்தி முன்னால் மண்டியிட்டதையும் மண்டியிட்டே காட்டினேன். பிறகு அந்தத் துணிப்பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கீழே போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நான் திரும்பும் முன்னே பூனைகள் உள்ளே குதித்தன.

ஒரு மாதம் கழித்து விடுதிக்காரியிடமிருந்து மெயில். அம்மா தினமும் கேட்கிறார்கள், உன் அம்மா மீனைச் சாப்பிட்டார்களா, என்ன சொன்னார்கள்? ரோலாவில் ஒரு நெட் கஃபேயில் உட்கார்ந்து, மிகவும் நன்றாக இருந்ததாம் என்று தட்டினேன். படித்துப் பார்த்தால் பொய் மாதிரியே இருந்தது. தொழில் தெரிந்தவள் அப்படி வழவழவென்று பாராட்டுவாளா? ஒரு குறை சொன்னால்தான் நம்புவார்கள் என்று தோன்றியது. எங்கள் கரையில் அந்தப் பருமனுள்ள மீனை உப்பில்லாமல் காய வைத்தால் மறுநாளே புழு வைக்கும். அதனால் இன்னொரு வரி சேர்த்தேன்: "கொஞ்சம் உப்பு போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று அம்மா சொன்னார்கள்." அம்மாவே பேசியது போல் இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அனுப்பிவிட்டு வந்தேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பார்சலாகவே வந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில், கம்பெனியின் தபால் பெட்டிக்கு என் பெயர் போட்டு ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே அதே மாதிரி தைத்த துணிப்பை. மேலே மகள் எழுதிய தாள். "அம்மா இதுவரை மீனுக்கு உப்பு போட்டதில்லை. இந்தத் தடவை உன் அம்மா சொன்னபடி போட்டிருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கேட்கவில்லை. இப்போது சரியாக இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்."

அந்தத் தாளை வொர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டே நாலைந்து தடவை படித்தேன். வெட்கம் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். அதன் பொருள் அன்றைக்குத்தான் தெரிந்தது. இதையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த மாதம் லீவு. அதுவரை அறைக்குக் கொண்டுபோனேனா என்று கேட்டால், இல்லை. ஐந்து கவர் போட்டுக் கட்டி வொர்க்‌ஷாப் லாக்கரில் பூட்டி வைத்தேன். வெட்கப்பட்டும் புத்தி அவ்வளவுதான் வந்திருந்தது.

வீட்டுக்குப் போன அன்று மதியமே அம்மாவிடம் கொடுத்தேன். நான் வேலைக்குப் போன பனி ஊரில் ஒரு அம்மா தந்தது, அவர்களும் மீன் உணக்குகிறவர்கள், உனக்கென்று தந்தார்கள், எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம் என்றேன். அதுவரை சொன்னது எல்லாம் உண்மை. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய வேலையைப் பற்றி யாரும் அவளிடம் கருத்துக் கேட்டது கிடையாது.

தையலைப் பிரித்து ஒரு மீனை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மீன் மேல் உப்பு திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. வயிற்றுப் பக்கம் ஈரம் வாங்கி மெத்தென்று இருந்தது. ஒடித்தாள். ஒடியவில்லை, பிய்ந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பிறகு எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"மீனு நல்ல மீனாக்கும் மக்களே. உப்புதான் கெடுத்துப்போட்டுது. அளவு தெரியாம அள்ளிக் கொட்டியிருக்கா." பையின் வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். கொடுத்தவளைக் குறை சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே சங்கடமாகிவிட்டது போல. "சின்னப் புள்ளையா இருக்கும், என்ன? கை பழகல்ல. இப்பத்தான் தொழிலு படிக்கியாளா இருக்கும்."

அந்தப் பாறையில் நாற்பது வருடம் குனிந்து நிமிர்ந்த முதுகு எனக்குத் தெரியும். அந்த அம்மா முதலில் என் கையில் தந்தது கெட்டுப் போகாத, உப்பில்லாத மீன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் குப்பைத் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்து அறையின் சட்டத்துக்குப் போக வேண்டும். அதிலிருந்து, ஷார்ஜாவில் ஐந்து பேரிடம் நான் அம்மாவை யாராக வைத்திருக்கிறேன் என்பது வரை போக வேண்டும். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமாம்மா, இப்பத்தான் படிக்கிறாங்க" என்றேன்.