ஆமைக்குஞ்சுகள் இறங்குமுன்

அக்கா போர்ட் பிளேரில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியையாக இருந்தும் பக்கத்திலுள்ள சிப்பிகாட்டைத் தாண்டிச் சுற்றியது குறைவு. ஓய்வுபெற்று, மகனோடு இருக்கத் திருநெல்வேலிக்கே போய்விடுவது என்று முடிவானபோது ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமைக்குஞ்சுகள் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். வருடாவருடம் கரும்பலகையில் வரைந்து நடத்திய பாடம், நேரில் பார்த்ததில்லை.

பிப்ரவரிக் கடைசி வாரம், வியாழன் இரவு ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலேறி வெள்ளி காலை தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் இறங்கினோம். திரும்பும் கப்பல் சனி மாலை ஆறு மணிக்கு. இடையில் உள்ள ஒவ்வொரு மணிக்கும் நான் திட்டம் எழுதி வைத்திருந்தேன்.

வாடகை ஸ்கூட்டரில் ஒரே சாலையில் போய் வந்தோம். அங்கே ஊர்களுக்குப் பெயர் இருந்தாலும், கப்பல் நிற்கும் ஜெட்டியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்றுதான் வழி சொல்வார்கள். மீட்டரோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"ஏல, நீ கடலப் பாக்க வந்தியா, மீட்டரப் பாக்க வந்தியா?" என்றாள் பின்னாலிருந்து.

கைவிடப்பட்ட எண்ணெய்ப்பனைகளின் உடம்பெல்லாம் பெரணி முளைத்திருந்தது. முதலை எச்சரிக்கைப் பலகைக்கு மேலேயே ஒரு கடற்கழுகு உட்கார்ந்திருந்தது. வங்காளிக் கடையில் கடுகு அரைத்த மீன்குழம்பை அக்கா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சனி மதியம் மூன்றேகாலுக்கு அந்தக் கடற்கரைக்குப் போனோம். வனத்துறை வேலி கட்டி முட்டைகளைப் பாதுகாத்த இடம். தோணியாமைக் குஞ்சுகள் அன்று காலையிலேயே பொரிந்து, ஈரமணல் போட்ட கூடையில் மூடப்பட்டிருந்தன. காவலர் தமிழர். எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன்.

"தூப் கம்மியாவட்டும் சார், வெயில் இறங்கணும். இப்ப விட்டா மண்ணு சுடும். அஞ்சு மணி ஆவும்."

ஜெட்டிக்கு அரைமணி நேரப் பாதை. ஐந்துக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும் என்று டிக்கெட் கொடுத்தவர் சொல்லியிருந்தார். தீவில் வளர்ந்தவனுக்கு எதைத் தவறவிட்டாலும் கப்பலைத் தவறவிடக் கூடாது. அடுத்தது எந்த நாளோ, அதில் இடம் கிடைக்குமோ. நான்கரைக்குக் கிளம்பலாம் என்றேன்.

"ஜஹாஸ் எங்க சார் போயிடும்? சாமானே இன்னும் ஏத்தியிருக்க மாட்டான்," என்று சிரித்தார் காவலர்.

அக்கா கூடையருகே குந்தியிருந்தாள். மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "கொஞ்ச நேரந்தானே தம்பி," என்று மட்டும் சொன்னாள். நான் கடிகாரத்தைக் காட்டினேன். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க ஜெட்டியை அடைந்தோம். சரக்கு முழுக்கக் கரையில் கிடந்தது. ஏழரைக்கு மேல்தான் ஏறவிட்டார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தில் அக்கா ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. வாழைப்பழத்தை உரித்து என்னிடம் நீட்டினாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஏப்ரலில் மெயின்லேண்ட் போய்விட்டாள். இப்போது முழங்கால் அறுவை முடிந்து, மாடிப்படிகூட ஏறுவதில்லை.

இந்த வருடம் மார்ச்சில் தனியாகப் போய், வெயில் தாழும் வரை காத்திருந்து பார்த்தேன். கைக்குள் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள், நீண்ட துடுப்புகளை இழுத்து இழுத்து நகர்ந்தன. முதல் அலை புரட்டிக் கரையில் போட்டது. மறுபடி கடல் பக்கம் திரும்பி நடந்தன.

அடுத்த ஞாயிறு அக்கா போனில், லீவில் எங்கே போனாய் என்று கேட்டாள். வீட்டில்தான் இருந்தேன் என்றேன்.