முத்துமாலையின் கால்விரல்

ஆவுடைநாயகத்துக்குக் கல்லிடைக்குறிச்சி. அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாத பையன் என்று தெருவில் பெயர் வாங்கியிருந்தான். மார்க்கு வந்ததால் டாக்டருக்குப் படித்தான். பயம் கூடவே வந்தது. எம்.டி. முதல் வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஒரு கார் போர்டிகோவுக்குள் திரும்பினால் அவன் ஓரெட்டுப் பின்னால் போய் நிற்பான். கூடப் படித்த மகேஷ், "ஏலே, வாற ஆளுக்கு முன்ன ஒனக்குல்லா ட்ரிப் ஏத்தணும்" என்பான். ஆவுடையும் சிரித்து வைப்பான். கை மட்டும் நடுங்காது. அதனால் யாருக்கும் அந்தப் பயம் பெரிதாகப் படவில்லை.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் ஒரு முற்பகல் ஏரல் பக்கத்திலிருந்து முத்துமாலையைக் கொண்டுவந்தார்கள். வாழைத்தோட்டத்துக் காவலுக்குத் தரையில் படுத்தவன். விடிந்ததும் வயிறு வலிக்கிறது என்றானாம். மனைவி முத்துராணி சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பிறகு இமையைத் தூக்க முடியவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்தார்கள். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் பேச்சு நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சும் நின்றது. பாம்புக் கடிவாய் எங்கும் தெரியவில்லை. கட்டுவிரியன் அப்படித்தான், தூங்குகிறவனுக்குக் கடித்தது தெரியாது.

ஆவுடை தொண்டைக்குள் குழாயை இறக்கினான். விஷமுறிவு மருந்து ஏறியது. மூச்சு மெஷின் காலியில்லை. அப்படிப்பட்ட நாட்களில் குழாயில் ரப்பர் பையை மாட்டி, வீட்டு ஆட்களையே மாற்றி மாற்றி அமுக்கச் சொல்வார்கள். முத்துமாலையின் அண்ணன் இசக்கிமுருகன் பையை வாங்கிக்கொண்டான். லாரியில் வாழைத்தார் ஏற்றுகிறவன்; அந்தக் கைக்கு அது வேலையே இல்லை.

நாடி ஓடியது. ஆனால் கண்மணிகள் அகன்று கிடந்தன; டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. கட்டுவிரியன் விஷத்தில் ஆள் பிணம்போலக் கிடப்பான், பேசுவது மட்டும் காதில் விழும் என்று ஆவுடை படித்திருந்தான். மூச்சு நின்ற நேரத்தில் மூளை செத்துப்போயிருந்தாலும் கண்மணி இப்படித்தான் கிடக்கும். இதில் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் தாண்டியதும் இசக்கிமுருகன் தம்பியை ஊருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான். இங்கே இறந்தால் போலீஸ் வரும், அறுப்பார்கள். வெளியே செத்தவனை வீட்டுக்குள் ஏற்றவும் விடமாட்டார்கள். காரை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாடி இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது பாருங்கள் என்றான் ஆவுடை.

"காத்தடிச்சா சைக்கிள் டியூப்பும்தான் சார் வீங்கும்." இசக்கிமுருகன் கோபமில்லாமல்தான் சொன்னான். "உசுரு இருக்குன்னு ஒரு அடையாளம் காட்டுங்க. எத்தன நாளுன்னாலும் அமுக்குதேன்."

ஆவுடை குனிந்து, முத்துமாலையின் காதில் உரக்க, கால்விரலை ஆட்டச் சொன்னான். முத்துராணியோடு மூன்று பேரும் காலைப் பார்த்தார்கள். சேறு காய்ந்த கால். ஒன்றும் அசையவில்லை. மறுபடி சொன்னான். அசையவில்லை. பையின் சத்தம் தளர்ந்தது. இரண்டு அமுக்கலுக்கு நடுவே இடைவெளி நீண்டது. பிறகு அடுத்த மூச்சு வரவே இல்லை. இசக்கிமுருகனின் விரல்கள் பையின்மேல் சும்மா இருந்தன.

"ஆடிச்சு," என்றான் ஆவுடை. "பெருவிரல். பாத்தியளா?"

அவன் எதையும் பார்த்திருக்கவில்லை.

முத்துராணி திகைத்து நின்றாள். இசக்கிமுருகன் காலையே வெறித்தான். "ஆமா," என்றான் பிறகு. "லேசா ஆடிச்சு." பையை அமுக்கினான்.

காரை அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து முறை வைத்துக்கொண்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் இசக்கிமுருகன் விரல் ஆடிய கதையைச் சொன்னான். சொல்லச் சொல்ல விரல் அதிகம் ஆடியது. முத்துராணிக்கும் அது தெரிய ஆரம்பித்தது. "இப்பக்கூட ஆடிச்சு டாக்டரய்யா" என்று வழிமறித்துச் சொன்னாள். ஆவுடை தலையை ஆட்டிவிட்டுப் போனான். செத்தவனுக்குக் காற்றடிக்க இத்தனை பேரை உட்கார்த்தி வைத்திருக்கிறோமோ என்று நினைத்தால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான். நாளைக்கு நாடியும் நின்று, உடம்பு அறுக்கும் மேஜைக்குப் போனால், இந்த அண்ணனின் முகத்தை எப்படிப் பார்ப்பது? டார்ச்சை எடுத்துக்கொண்டு வார்டு வாசல்வரை போவான். உள்ளே போகாமல் திரும்பி வந்து கை கழுவுவான். மருந்துச் சீட்டில் மட்டும் எழுத்து ஒழுங்காக இருந்தது.

அப்புறம் ஒரு காலையில் முத்துமாலையின் இடது இமை நூலளவு உயர்ந்தது. அதை நர்ஸ் பார்த்துச் சொன்னாள். ஆவுடை நம்பாமல் ஓடிப்போய்ப் பார்த்தான். டார்ச் அடித்ததும் கண்மணி சுருங்கியது. நாட்கள் போய், தானாக மூச்சு விட ஆரம்பித்தபின் குழாயை எடுத்தார்கள்.

முத்துராணி காப்பி வாங்கப் போயிருந்தாள். முத்துமாலை ஆவுடையைக் கண்ணால் கூப்பிட்டான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"எல்லாங் கேட்டுது சார். அண்ணன் ஊருக்குக் கொண்டு போவோம்னது, நீங்க ஆட்டச் சொன்னது."

ஆவுடை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"ஆட்டத்தான் பாத்தேன். வரல்ல. ஆடிச்சுன்னு நீங்க சொல்லவும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. வேற ஆளு காலப் பாத்துச் சொல்லுதியளோன்னு."

வராந்தாவில் இசக்கிமுருகன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "பெருவிரல ஆட்டி என்னையக் கூப்பிடுதான்லா அண்ணாச்சி."

முத்துமாலை அந்தப் பக்கம் திரும்பாமல் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணைப் பார்த்ததும் ஆவுடை நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினான்.

"இப்ப ஆட்டும்" என்றான்.

பெருவிரல் ஆடியது.

இன்னொரு தடவை ஆட்டச் சொன்னான்.