வரைபடத்தில் வைத்த புள்ளி

அரசு நிதியில் நடந்த என் கடல் ஆய்வின் விவரத்தை எல்லாரும் பார்க்க இணையத்தில் போட வேண்டும் என்பது விதி. தொகையும் நோக்கமும் போதும். நான் பெருமைக்கு வரைபடத்தையும் சேர்த்தேன். பெரியதாழை மீனவர் அந்தோணி அண்ணாச்சி என்னை நம்பிக் காட்டிய பாரும் அதில் இருந்தது. பார் என்பது மீன் கூடும் கடலடிப் பாறை. அதுவரை அந்த இடம் அவருக்கும் அவர் தம்பிக்கும் மட்டுமே தெரியும்.

அடுத்த முறை நான் அவர் படகில் போனபோது அங்கே வெளியூர்ப் படகுகள் மொய்த்துக் கிடந்தன. அண்ணாச்சி இன்ஜினை நிறுத்தினார்.

"எந்தம்பிதான் சார் சொல்லிட்டான். இனி அவன் என் வாசல மிதிக்கக் கூடாது."

"அவரா இருக்காது அண்ணாச்சி."

"பொறவு யாரு சார் சொல்லுவா?"



வரைபடத்தை அன்றே எடுத்துவிட்டேன். உலகத்துக்கே சொன்னவன், எதிரே இருந்தவரிடம் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.