நாற்பத்தொன்றாம் எண் பெட்டி

டுவேன் குப்ஸ்கியின் வீட்டுக் கீழறையில் காசு போட்டு ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டிகள் பதினேழு நிற்கின்றன. அதில் பதினான்கு ஒரே ஆட்டம். பார்க்கிறவன் இவனுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தனையையும் படியில் இறக்கியவன் நான். ஒவ்வொன்றும் ஆளுயரம், முந்நூறு பவுண்டு கனம். என் முதுகு போனதில் பாதிப் பங்கு அவனுடையது.

கனமான சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. பியானோ, ஃபிரீசர், கேம் பெட்டி, எதுவானாலும் சரி. எட்டாவது பெட்டியை இறக்கிய அன்றுதான் கேட்டேன், எதற்கய்யா ஒரே ஆட்டத்தை இத்தனை வாங்குகிறாய் என்று. பீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

எண்பத்தைந்தில் அவனுக்கு இருபது வயது. ஸ்டீவன்ஸ் பாயின்ட் ஊரில், பேப்பர் மில்லில் ராத்திரி ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் ஊரே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். பேச ஒரு ஆள் கிடையாது. மில் ஆட்களுக்காகக் காலையிலேயே திறக்கும் பவுலிங் கூடம் ஒன்று இருந்தது. அதன் மூலையில் ஒரு பெட்டி. சுரங்கத்துக்குள் கப்பல் ஓட்டிச் சுடுகிற ஆட்டம். ஆட்டம் முடிந்தால் முதல் பத்து மதிப்பெண் திரையில் வரும், பட்டியலில் நுழைந்தவன் மூன்றெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். டி, எல், கே என்று போட்டு முதலிடத்தைப் பிடித்தான் டுவேன். மறுநாள் காலையில் அவனுக்கு மேலே எம், வி, ஹெச் என்று இருந்தது. அன்றைக்கு இவன் அதைத் தாண்டினான். அடுத்த நாள் மறுபடி எம்.வி.ஹெச்.

பதினான்கு மாதம் இப்படியே போனது. அந்த ஆள் சாயங்காலம் வருகிற ஆள் போலிருக்கிறது. ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் தெரியாது. ஒருமுறை காய்ச்சலில் டுவேன் பத்து நாள் போகவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், இவன் மதிப்பெண்ணைத் தொடாமல், பட்டியலின் கீழ் ஐந்து இடத்திலும் எம்.வி.ஹெச். எம்.வி.ஹெச். என்று இருந்தது. கதவைத் தட்டிப் பார்த்த மாதிரி.

"எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்ட ஒரே ஆளு அதுதான்யா" என்றான்.

எண்பத்தாறு மார்ச்சில், ஒரு வியாழக்கிழமை காலை, ஆறு லட்சத்து எண்பத்து நாலாயிரம் எடுத்தான் டுவேன். அதற்கு முன்னும் பின்னும் அவன் அவ்வளவு எடுத்ததில்லை. அடுத்த மூன்று நாள் லீவு. திங்கட்கிழமை போனால் மூலை காலி. பெட்டிகளை வாடகைக்கு விடுகிறவன் அதை ஞாயிறு காலையில் எடுத்துப் போயிருந்தான். ஆட்கள் அலுத்துப் போகாமலிருக்க அவர்கள் அப்படித்தான் ஊர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வடக்கே எங்கேயோ போய்விட்டது என்றார்கள். எம்.வி.ஹெச்சுக்கு மூன்று சாயங்காலம் இருந்திருக்கிறது. வந்ததா? தாண்டியதா? அதுதான் டுவேனுக்குத் தெரிய வேண்டியது. அவ்வளவுதான்.

தேட ஆரம்பித்தான். வாடகைக்காரன் பெட்டியின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் போட்டிருந்த எண் நாற்பத்தொன்று என்று விசாரித்து வைத்துக்கொண்டான். பாதிப் பேர் போனில் எண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். வாங்கிக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும். வேறு எண்ணாக இருக்கும். கெட்டுக் கிடக்கிறதை அப்படியே விட மனசு வராமல் சரிசெய்வான். மரம் இழைத்தான், பிக்சர் டியூப் மாற்றினான், சால்டரிங் கற்றான். இந்த மாநிலத்தில் பழைய பெட்டி வைத்திருக்கிறவன் யாரானாலும் சந்தேகம் என்றால் டுவேனுக்குத்தான் போன் போடுவான்.

போனில் எடுத்ததும் அவன் கத்துவது ஒன்றுதான்: "முதல்ல பேட்டரிய வெட்டுய்யா, அப்புறம் பேசு!" போர்டில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது மதிப்பெண் பட்டியலை நினைவில் வைத்திருப்பது அதுதான். வயசானால் கசியும், கசிந்தால் போர்டைத் தின்றுவிடும். அதனால் பெட்டி வீட்டுக்குள் வந்ததும் முதல் காரியம் பேட்டரியை வெட்டி எறிவது. இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இதே பழக்கம்.

அவன் பெண்டாட்டி ஜானெல் தொண்ணூற்றொன்பதில் அவனை விட்டுப் போய்விட்டாள். போகும்போது சொன்னாளாம்: "மூணு எழுத்து எங்க போச்சுன்னு ஊரெல்லாம் கேக்குற. நான் ரெண்டு நாளா எங்க இருந்தேன்னு கேட்டியா?" இதையும் அவனேதான் சொன்னான். அவள் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றைக் கண்டுபிடித்தது நான். போன நவம்பரில் மார்லிஸ் கிழவிக்கு ஃபிரீசர் இறக்கப் போயிருந்தேன். வடக்கே தொண்ணூறு மைல், ஏரிக்கரையில் சாப்பாட்டு விடுதி நடத்துகிறாள். பின்கட்டில் பெட்டி நின்றது. முதுகில் வெள்ளை எண். மறுநாளே டுவேனைக் கூட்டிப் போனேன்.

"திரை அவிஞ்சு நாலு வருஷம் ஆச்சு" என்றாள் மார்லிஸ். "சத்தம் மட்டும் வரும். பூனை மேல ஏறிப் படுத்துக்கும், கதகதன்னு இருக்கும்ல."

"பிளக்கை எப்பவாவது பிடுங்கினீங்களா?" என்று கேட்டான் டுவேன்.

"எதுக்குப் பிடுங்கணும்? பூனைகிட்ட யாரு பிறாண்டல் வாங்குறது?"

"திரை இருந்தப்போ, மேல யாரு பேரு இருந்துச்சு?"

"வெள்ளிக்கிழமைன்னா நாப்பது மேசைக்கு மீன் பொரிக்கிறேன் தம்பி. அதையா பார்த்துட்டு நிப்பேன்? ஆனா ஒண்ணு, இங்க வர்ற பசங்க ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டானுங்க. எண்பத்தாறுல வாடகைக்காரன் கொண்டுவந்து விட்டப்போ இருந்த பேருங்கதான் கடைசி வரைக்கும் இருந்துச்சு."

டுவேன் பெட்டியின் மேல் கையை வைத்தான். பூனை கையைத் தட்டிவிட்டது.

பெட்டியை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் ரேடியோ போட விடவில்லை. "முதல்ல திரை. திரை வந்தா பட்டியல் வரும். அதுக்கு முன்னாடி எதையும் தொடக்கூடாது. பிளக் பிடுங்கினாலும் பேட்டரி ஒரு மாசம் தாங்கும், பயமில்ல." தொண்ணூறு மைலும் இதையே சொல்லிக்கொண்டு வந்தான். நான்தான் சலித்துப்போய், "பேசாம வாய்யா, பொண்ணு பார்க்கப் போறவன் மாதிரி" என்றேன்.

மத்தியானம் கீழறையில் இறக்கினோம். பின்கதவைத் திறந்தான். நான் டார்ச் பிடித்தேன். பேட்டரியின் மேல் பச்சையாகப் பொங்கியிருந்தது.

"அடடா, கசிஞ்சிருக்கே" என்றான், புண்ணைப் பார்த்த டாக்டர் மாதிரி. சட்டைப் பையிலிருந்து கட்டர் வந்தது. டிக். டிக். பேட்டரி அவன் உள்ளங்கையில் விழுந்தது.

எனக்கும் உறைக்கவில்லை. பதினாலு தடவை இதே இடத்தில் நின்று பார்த்த காட்சி. அவன் கையை மூடாமல் அப்படியே நின்றதைப் பார்த்துத்தான் உறைத்தது.

"கோர்டி" என்று என்னைக் கூப்பிட்டான்.

"ம்."

"வெட்டிட்டேன்."

"ஒட்டுய்யா! சால்டர் போடு, சீக்கிரம்!"

"போச்சு. கண்ணச் சிமிட்டுற நேரம்கூடத் தாங்காது." பேட்டரியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, "நீயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"நான் வண்டிக்காரன்யா" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அவன் திட்டவில்லை, எதையும் உதைக்கவில்லை. போர்டைக் கழற்றினான். வினிகர் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்துக் கழுவினான். ஒரு செம்புக் கோடு அரித்திருந்தது, அதற்கு ஒயர் வைத்து ஒட்டினான். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. நான் படியேறிப் போனதை அவன் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான். புது டியூப், திரை பளிச்சென்று இருந்தது. பட்டியல் வந்தது. கம்பெனி போட்டு அனுப்பிய பத்துப் பேர், வரிசையாக, மேலே ஒரு லட்சம், கீழே பத்தாயிரம்.

"தெரிஞ்சிருந்தா என்னய்யா பண்ணியிருப்ப?" என்று கேட்டேன்.

"தாண்டியிருந்தா, திரும்பத் தாண்டியிருப்பேன்."

"தாண்டலன்னா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தாண்டலன்னா, வந்து பார்த்துச்சான்னு தெரியாது. வராமலேகூட இருந்திருக்கலாம்ல." பிறகு, "வண்டி எப்ப சும்மா இருக்கும்?" என்றான்.

"எதுக்கு?"

"மார்லிஸ்கிட்ட திருப்பி வைக்கணும்."

"கிறுக்கா உனக்கு? முப்பத்துமூணு வருஷம் தேடிட்டு?"

"இங்க இருந்தா யாருய்யா என்னத் தாண்டுவா? நீயா?"

வண்டியைக் கொண்டுவர ஒப்புக்கொண்டேன். புதுப் பேட்டரி ஒன்றைப் போர்டில் ஒட்டாமல், தள்ளி நீள ஒயரில் தொங்கவிட்டான், கசிந்தாலும் போர்டு பிழைக்கும்படி. டிசம்பர் முதல் வாரத்தில் பனிக்குள் ஏற்றிப் போய் அதே பின்கட்டில் நிறுத்தினோம். மார்லிஸ் காசு வேண்டுமா என்று கேட்டாள். பிளக்கைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்றான். பிறகு நின்றபடியே மூன்று மணி நேரம் ஆடினான். ஐம்பத்துநாலு வயசுக் கை. மூன்று லட்சம்கூடத் தொடவில்லை. ஆனாலும் முதலிடம். டி, எல், கே என்று போட்டான்.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் தொண்ணூறு மைல் ஓட்டிப் போகிறான். சிலசமயம் நானும் கூடப் போவேன். எம்.வி.ஹெச். உயிரோடு இருக்கிறதா, இந்தப் பக்கம் வருமா என்று நான் கேட்பதில்லை. போன வாரம் யாரோ ஒரு பொடியன் ஒன்பதாவது இடத்தைப் பிடித்திருந்தான். "பரவாயில்ல, வர்றான்" என்றான் டுவேன். மார்லிஸ் மீன் தட்டை வைத்துவிட்டு, "முதல்ல சாப்பிடுப்பா, உன் பேரு எங்கயும் ஓடிப்போகல" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். மேலே டி.எல்.கே. அப்படியே இருந்தது, யாரும் தாண்டவில்லை. டுவேன் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.